முதியோர் இல்லத்தில் வேலை: ஊசிக் காயம், இடுப்பு வலி, அரிப்பு... எல்லாம் என் கவனக்குறைவா டாக்டர்?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 43. கோவை பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் போன வருஷத்திலிருந்து ஆயா வேலை பார்க்கிறேன். அதற்கு முன் வீடுகளில் சமையல் வேலை. காண்ட்ராக்டர் மூலமாகச் சேர்ந்தேன். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்குத் தனி வார்டு இருக்கிறது, நர்ஸ்களும் உண்டு. என் வேலை அந்த வார்டில்தான். குளிக்க வைப்பது, டயபர் மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, பாத்ரூம் கழுவுவது, குப்பை எடுப்பது எல்லாம் செய்கிறேன். வாரத்தில் மூன்று நாள் நைட் ட்யூட்டி. அப்போது வார்டுக்கு நான் ஒருத்திதான் ஆயா.

மூன்று வாரத்துக்கு முன்னால் குப்பைக் கவரைக் கட்டும்போது உள்ளே கிடந்த இன்சுலின் ஊசி உள்ளங்கையில் குத்திவிட்டது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். டெட்டால் போட்டுக் கழுவச் சொன்னார். "இதுக்கெல்லாம் பயந்தா இந்த வேலைக்கு ஆகாது அம்மிணி, கவனமா இருக்கோணும்" என்றார். அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. இடுப்பு வலி வேறு, வலது காலுக்கு இழுக்கிறது. ஞாபக மறதி உள்ள ஒரு பாட்டியைக் குளிக்க வைக்கும்போது கையைக் கடித்துவிட்டார். அதற்கும் "நீதான் பக்குவமா நடந்துக்கணும்" என்றார்கள். ஆசிட் ஊற்றி பாத்ரூம் கழுவினால் இருமல் வருகிறது. இப்போது ராத்திரியில் விரல் இடுக்கில் ஒரே அரிப்பு, என் பையனுக்கும் ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் வேலையை விட்டுவிடு என்கிறார். சம்பளம் 13,000. கடன் இருக்கிறது. நான்தான் கவனம் இல்லாமல் இருக்கிறேனா, இல்லை இந்த வேலையே இப்படித்தானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். நாளைக்கே ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய், வேலை செய்யும் இடத்தில் ஊசி குத்தியது என்று சொல்லி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, அதோடு எச்.ஐ.வி. மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. அங்கே இலவசம், ரகசியமும் காப்பார்கள். அன்றே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு இதைப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் வயதுக்காரர்களில் பெரும்பாலானோருக்குப் போட்டதில்லை.

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு வருகிறேன். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால்கூடத் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3 அளவுதான். ஹெபடைடிஸ் சி-க்கு நூற்றில் 2-ஐத் தாண்டாது. தடுப்பூசி போடாதவர்கள் பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி-க்குத்தான். அதில் நூற்றுக்கு 6 முதல் 30 வரை போகும். உலர்ந்த ரத்தத்திலும் அந்தக் கிருமி ஒரு வாரம் உயிரோடு இருக்கும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டவருக்கு அந்த நோய் இருந்தால் மட்டும். அதுவும் பெரும்பாலும் ரத்தக் குழாயில் போட்ட தடித்த ஊசிகளை வைத்து வந்த கணக்கு. இன்சுலின் ஊசி மிக மெல்லியது, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் போடுவது, அதில் ஒட்டும் ரத்தம் மிகக் குறைவு. ஆகவே உங்களுக்கு எதுவும் தொற்றாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பரிசோதனை வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பயந்து சாக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அப்படி நோய் உள்ளவர் யாராவது இருக்கிறாரா என்று அறிய ஒரு வழியும் இருக்கிறது. அந்த வார்டில் யார் யாருக்கு இன்சுலின் போடுகிறார்கள் என்ற பட்டியல் நர்ஸிடம் இருக்கும். ஒரு சிலர்தான் இருப்பார்கள். அவர்களில் சிலருக்கு ஆபரேஷனுக்கோ டயாலிசிஸுக்கோ முன்பு இந்தப் பரிசோதனைகள் செய்த ரிப்போர்ட் இருக்கலாம். இல்லாவிட்டால் மருத்துவர் மூலமாகக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பரிசோதிக்கலாம். சம்மதம் இல்லாமல் யாருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே நீங்களாகப் போய் அந்தப் பெரியவர்களிடம் எதுவும் கேட்க வேண்டாம்.

இப்போது எடுக்கும் பரிசோதனையோடு வேலை முடியாது. ஊசி குத்திய நாளிலிருந்து ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று மருத்துவர் தேதி தருவார். அதுவரை ரத்த தானம் வேண்டாம். கணவருடன் இருக்கும்போது ஆணுறை இருக்கட்டும். அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவதே நல்லது, எப்படியும் அவர் கேட்பார். இப்போது எடுக்கும் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். வேலையில் சேர்வதற்கு முன்பே உனக்கு இருந்திருக்கும் என்று நாளை யாராவது சொன்னால், பதில் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம், அந்த முதல் மூன்று நாள் வீணாய்ப் போனதுதான். ஊசி குத்தியதும் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது, 28 நாள் சாப்பிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயன் இல்லை. உங்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. தேவைப்பட்டிருக்காமலும் போயிருக்கலாம், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர், சூப்பர்வைசர் இல்லை. இனி உங்களுக்கோ கூட வேலை செய்பவர்களுக்கோ குத்தினால் குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ரத்தத்தைப் பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், டெட்டாலும் பிளீச்சிங் தண்ணீரும் வேண்டாம். பிறகு நேராக மருத்துவமனை. நடுராத்திரியாக இருந்தாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு திறந்திருக்கும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் எச்.ஐ.வி. பற்றிய எந்தச் சந்தேகத்தையும் கேட்கலாம்.

சரி, நீங்கள் கவனம் இல்லாதவரா? அந்த ஊசியைப் பெரியவருக்குப் போட்டது நீங்கள் இல்லை. போட்டவர் அதைக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டுப் போய்விட்டார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு கவரைக் கட்டியவர் நீங்கள். இதில் நீங்கள் எங்கே கவனமாக இருந்திருக்க முடியும்? மருத்துவமனைகளில் துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஆயாக்களுக்கும் ஏற்படும் ஊசிக் காயங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். ஊசியைப் பயன்படுத்தியவர் ஒருவர், குத்து வாங்குபவர் இன்னொருவர்.

நான் தொழிலாளர் மருத்துவத் துறைக்கு வந்த புதிதில் பஞ்சாலைகளில் வேலை பார்த்தேன். அங்கே சுழலும் சக்கரத்துக்கு மூடி போடாமல் வைத்துவிட்டுத் தொழிலாளியிடம் கவனமாக இரு என்று சொன்னால் ஆய்வாளர் விடமாட்டார். இயந்திரத்துக்குக் காப்பு போட வேண்டியது முதலாளியின் கடமை என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. மருத்துவமனையும் முதியோர் இல்லமும் தொழிற்சாலை இல்லையே என்பதால் அந்தப் பழக்கம் இங்கே வந்து சேரவில்லை. சேவை செய்யும் இடம், புண்ணியம் கிடைக்கும் வேலை என்று சொல்லிச் சொல்லியே ஆபத்தைப் பேசாமல் விட்டுவிட்டோம்.

ஊசிக்கு மூடி எது? வெள்ளை நிறத்தில், குத்தினாலும் கிழியாத, மூடியுள்ள டப்பா. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் ஊசி, பிளேடு போன்ற கூர்மையான எல்லாவற்றையும் அதில்தான் போட வேண்டும் என்கின்றன. அழுக்கான பஞ்சு, கட்டுத் துணிக்கு மஞ்சள் கவர். டியூப், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு சிவப்பில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். ஊசி போட்ட கையோடு அந்த டப்பாவில் போட வேண்டும் என்றால் டப்பா கட்டிலருகே, மருந்துத் தட்டோடு நகர்ந்து வர வேண்டும். நர்ஸ் அறையின் மூலையில் வைத்துவிட்டால் அங்கே போவதற்குள் ஊசி ஏதோ ஒரு கூடையில் விழுந்துவிடும். பேனா மாதிரி வரும் இன்சுலினில் திருகி மாட்டும் சின்ன ஊசியும் இதில்தான் போக வேண்டும். அது அளவில் சின்னது என்பதால் குப்பையில் போடுபவர்கள் நிறையப் பேர்.

அதே விதிகளில் உங்களுக்கு நேரடியாக உதவும் இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லாருக்கும் நிர்வாகமே ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போதும் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை, அதே மாதிரி வருடம் ஒரு முறையாவது பயிற்சி. கையுறை போன்ற காப்புச் சாதனங்களும் அவர்கள் பொறுப்புதான். நான் முன்பு சொன்ன 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் ரத்தம் படும் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பான சூழலையும், ஊசி குத்தினால் தடுப்பு மாத்திரையையும் நிறுவனம் தர வேண்டும் என்கிறது.

இடுப்புக்கு வருவோம். காலுக்கு இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு (டிஸ்க்) நரம்பை அழுத்துகிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் குறையும். முழு ஓய்வாகப் படுத்துக்கிடக்க வேண்டியதில்லை, நடமாட்டம் இருந்தால்தான் சீக்கிரம் சரியாகும். ஆனால் பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு நடப்பது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் போக முடியாமல் அடைப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனை.

அறுபது, எழுபது கிலோ எடையுள்ள ஒருவரைத் தினமும் கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் இடையே மாற்றுகிறீர்கள். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒருவர் கையால் தூக்கக்கூடிய நோயாளி எடைக்கு வைத்திருக்கும் அளவு சுமார் 16 கிலோ. ஒரு பாட்டியின் இரண்டு கால்களைச் சேர்த்துத் தூக்கினாலே அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். மூட்டை தூக்குபவருக்கு மூட்டை ஆடாது. உங்களுக்கோ தூக்கும்போதே அது பயந்து உங்கள் கழுத்தைப் பிடிக்கும், காலை உதறும். முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை என்று வகுப்பெடுத்தால் போதும் என்றுதான் நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அந்தப் பயிற்சியால் மட்டும் முதுகுவலி குறைவதில்லை என்று தெரிந்துவிட்டது. தூக்குவதையே குறைத்தால்தான் குறைகிறது.

தூக்காமல் எப்படி? இழுங்கள், உருட்டுங்கள், நகர்த்துங்கள். பெரியவரின் தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி ஒரு விரிப்பை மடித்துக் கீழே போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று அதைப் பிடித்து மேலே நகர்த்தலாம். வழுக்கும் நைலான் துணியில் இதற்கென்றே விரிப்பு கிடைக்கிறது, பெரிய விலை இல்லை. சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலியைக் கட்டிலை ஒட்டிச் சாய்வாக நிறுத்தி, பிரேக் போட்டு, கைப்பிடி கழலும் வகை என்றால் கழற்றிவிடுங்கள். காலில் கொஞ்சமாவது பலம் உள்ளவர் என்றால் அவர் இடுப்பில் பிடியுள்ள பெல்ட் கட்டி, அவரையே எழச் சொல்லி நீங்கள் திருப்பிவிட்டால் போதும். அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், அவர் தோள்மூட்டும் போகும், உங்கள் முதுகும் போகும். காலில் பலமே இல்லாதவருக்குக் கையால் இறைக்கும் ஹைட்ராலிக் தூக்கி வேண்டும். அது செலவுதான். ஆனால் ஒரு வார்டுக்கு ஒன்று இருந்தால் போதும்.

நம் ஊரில் ஃபௌலர் கட்டில் என்று வாங்கிப்போடுகிறார்களே, அதில் சாதாரண வகையில் தலைப்பக்கமும் கால்பக்கமும்தான் ஏறி இறங்கும், கட்டிலின் உயரம் மாறாது. டயபர் மாற்றும் ஒவ்வொரு முறையும் நீங்கள் குனிந்தே நிற்க வேண்டியிருப்பது அதனால்தான். முழுக்கப் படுக்கையாகிவிட்டவர்களின் கட்டிலை மட்டும் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை கொடுத்து உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றச் சொல்லலாம், பக்கக் கம்பி கட்டாயம் இருக்க வேண்டும். தானாக எழுந்து நடப்பவர் கட்டிலில் இதைச் செய்யக் கூடாது, விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிடும். உயரம் மாறும் கட்டில் ஒன்றிரண்டாவது வாங்கினால் இந்த வித்தையெல்லாம் தேவைப்படாது.

இதெல்லாம் சொல்லிவிட்டு, இரவில் வார்டுக்கு ஒரே ஆயா என்று நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருவர் செய்யும்போது எந்த முறையும் எடுபடாது. நைட் ட்யூட்டி உடம்புக்கு ஆகாது என்பது வேறு இருக்கிறது, ஆனால் உங்கள் விஷயத்தில் தூக்கம் கெடுவதைவிட ஆள் இல்லாததுதான் பெரிய கெடுதல்.

அந்தப் பாட்டி. கடித்த இடத்தில் தோல் கிழிந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி அன்றே மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். மனிதக் கடி எளிதில் சீழ் பிடிக்கும், டெட்டனஸ் ஊசியும் சில நேரம் ஆன்டிபயாடிக்கும் தேவைப்படும். இப்போது புண் ஆறிவிட்டதென்றால் பயம் இல்லை. அவர் உங்கள் மேல் உள்ள கோபத்தில் கடிக்கவில்லை. யாரோ தெரியாத ஆள் வந்து துணியை அவிழ்க்கிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். பின்னால் இருந்து தொடாதீர்கள், முகத்துக்கு நேரே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், தலையிலிருந்து ஆரம்பிக்காமல் காலிலிருந்து ஆரம்பியுங்கள், உடம்பின் மேல் ஒரு துண்டு கிடக்கட்டும். அவர் முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு அரை மணி கழித்து வாருங்கள். ஒரு நாள் குளிக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இதுவரை சாதுவாக இருந்தவர் திடீரென்று அடிக்கவும் கடிக்கவும் ஆரம்பித்தால் சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, எங்காவது வலியோ இருக்கலாம், நர்ஸிடம் சொல்லுங்கள்.

ஆனால் பக்குவமாக நடந்துகொள் என்று உங்களிடம் சொன்னவர்கள் இதில் எதையாவது கற்றுக்கொடுத்தார்களா? யார் எந்த நேரத்தில் முரண்டு பிடிக்கிறார் என்று பதிவேட்டில் எழுதும் வழக்கமாவது இருக்கிறதா? எழுதினால்தான் அடுத்த ஷிப்டில் வருபவருக்குத் தெரியும். நோயாளி அடிப்பதை வேலையின் ஒரு பகுதி என்று விழுங்கிக்கொள்வது இந்தத் துறையில் உலகம் முழுக்க உள்ள பழக்கம். அதனால் எண்ணிக்கையே வெளியில் வருவதில்லை, எண்ணிக்கை வராததால் ஆளும் போடுவதில்லை.

ஆசிட்டுக்கு அதிகம் பேச வேண்டியதில்லை, நிறுத்திவிடுங்கள். அது கறை போகத்தான், கிருமி போக இல்லை. தினசரி கழுவச் சோப்புத் தூளும் பிரஷ்ஷும் போதும். ரத்தம், மலம் சிந்திய இடத்துக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம், புதிதாகக் கரைத்தது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது நுரையீரலையே புண்ணாக்கிவிடும். உங்கள் இருமல் அந்தக் கலவையால் வந்ததாக இருக்கலாம். ஆசிட்டை விட்ட பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய், நோயாளிகளைக் கவனிக்கிறவர்களுக்கு எளிதில் வரும் நோய்களில் ஒன்று. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இரவில் அதிகமாகும் அரிப்பு, விரல் இடுக்கு, வீட்டில் இன்னொருவருக்கும் தொற்றியிருப்பது, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இது சிரங்குப் பூச்சியாகத்தான் தெரிகிறது. கையை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் அரிப்புக்கு என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த டியூப் தருவார்கள், அதைத் தொடாதீர்கள். அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், பூச்சி பெருகும். பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம்தான் வழக்கமான மருந்து. வீட்டில் உள்ள எல்லாரும், அரிக்காதவர்களும், ஒரே இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கு உட்படத் தடவிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. உடுத்திய துணி, போர்வையைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததை ஒரு கவரில் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். பூச்சி செத்த பிறகும் அரிப்பு இரண்டு மூன்று வாரம் நீடிக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்பத் தடவ வேண்டாம்.

உங்கள் வீட்டில் மட்டும் வைத்தியம் பார்த்தால் அடுத்த வாரமே வார்டிலிருந்து மறுபடி வந்துவிடும். மூலம் அங்கேதான். உடம்பு தளர்ந்த பெரியவர்களில் சிலருக்குச் சிரங்கு வேறு மாதிரி வரும். அரிப்பே இருக்காது, கையிலும் முழங்கையிலும் தடித்த செதில் மாதிரி படியும், வறண்ட தோல் என்று எல்லாரும் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். சாதாரணச் சிரங்கில் ஒருவர் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சி இருந்தால், இந்த வகையில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அப்படி ஒருவர் வார்டில் இருக்கிறாரா என்று நர்ஸையும் மருத்துவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வார்டில் இருக்கும் பெரியவர்கள், ஆயாக்கள், நர்ஸ்கள், துணி துவைப்பவர் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து தர வேண்டும். நிர்வாகத்திடம் பேச்சைத் தொடங்க இதுவே நல்ல இடம். பெரியவர்களின் பிள்ளைகள் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள், வார்டில் சிரங்கு என்ற சொல்லைக் கேட்க எந்த நிர்வாகமும் விரும்பாது. உங்கள் ஊசிக் காயத்துக்கு அசையாதவர்கள் இதற்கு அசைவார்கள். வருத்தமான உண்மைதான், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதம் 21,000 வரை வாங்குபவர்கள் ஈ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள், சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுக்கு 98 ரூபாய் பிடித்தம் இருக்க வேண்டும். இருந்தால், வேலையில் ஏற்பட்ட காயத்துக்குச் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் கிடைக்கும். இதற்கு இத்தனை மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற கணக்கு இல்லை, சேர்ந்த முதல் நாளே காயம்பட்டாலும் உண்டு. மருத்துவமனை வேலையில் தொற்றிய நோயும் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பிடித்தமே இல்லை என்றால் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். காண்ட்ராக்டர் ஆள், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று இல்லம் சொல்ல முடியாது. காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை நிறுவனம்தான், அதாவது வேலை வாங்கும் இல்லம்தான், கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

ஊசி குத்திய விஷயம் விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்க வாய்ப்பில்லை. இப்போதாவது தேதி, நேரம், எந்த இடம், யாரிடம் சொன்னீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து கேளுங்கள். கொடுப்பதற்கு முன்பே அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அந்தப் படத்தை சூப்பர்வைசருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவாகிவிடும். கேட்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். மற்ற ஆயாக்களையும், முடிந்தால் ஒரு நர்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நர்ஸுக்கும் அதே ஊசிதான், அதே பெரியவர்கள்தான். வெள்ளை டப்பா, எல்லாருக்கும் தடுப்பூசி, இரவில் இரண்டாவது ஆள், வார்டு முழுக்கச் சிரங்கு மருந்து. இந்த நான்கை மட்டும் கேளுங்கள். கட்டிலும் தூக்கியும் அடுத்த சுற்றில்.

வேலையை விடுவதா என்று நீங்கள் கேட்டதற்கு, இன்றைக்கு வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு ஆபத்துக்கும் தீர்வு தெரியும், பாதிக்கு மேல் சில நூறு ரூபாய் காரியம். ஒரு மாதம் கொடுங்கள். டப்பாவும் தடுப்பூசியும்கூடத் தர முடியாது என்று சொல்லும் இல்லம் என்றால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. கோவை சுற்றுவட்டாரத்தில் முதியோர் இல்லங்களுக்குப் பஞ்சமில்லை, வேலை தெரிந்த ஆயாவைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த இடத்தில் சேரும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே, இரவில் எத்தனை பேர் இருப்பீர்கள், ஊசியை எதில் போடுகிறார்கள் என்று கேளுங்கள். வார்டைச் சுற்றிக் காட்டச் சொல்லி, குப்பைக் கூடைகளையும் ஒரு பார்வை பாருங்கள். இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.